வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம்: நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

எஃப்.ஏ. கோப்பை என்பது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பை, அதன் இறுதி லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடக்கும். அந்த இறுதியாட்டத்தை 90 நிமிட ஆட்டம் என்று எண்ணித் திட்டம் போடுவதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் முதல் தப்பு. ரயில், சாப்பாடு, போன் சார்ஜ், திரும்பும் விமானம் எல்லாமே அந்தக் கணக்கில் ஓடும். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரம் தொடங்கியதும் மைதானத்தைப் பார்ப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா என்று தவிப்பார்கள்.

இறுதியாட்டத்துக்கு மறு ஆட்டம் கிடையாது. கடைசியாக மறு ஆட்டம் வரை போன இறுதி 1993இல் ஆர்சனலும் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயும் ஆடியது. இப்போது சமனானால் தலா 15 நிமிடமாக இரண்டு பாதி, அதிலும் முடியாவிட்டால் பெனால்டி ஷூட்-அவுட், எல்லாம் அன்றைக்கே. புது வெம்ப்ளி திறந்த 2007இலிருந்து 2025 வரை நடந்த 19 இறுதிகளில் நான்கு கூடுதல் நேரத்துக்குப் போயின: 2007, 2014, 2016, 2022. ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வேல்ஸின் கார்டிஃபில் நடந்த கடைசி இரண்டும், அதாவது 2005உம் 2006உம், பெனால்டியில்தான் முடிந்தன.

மணிக்கணக்கு இப்படி. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால், காய நேரமும் 15 நிமிட இடைவேளையும் சேர்த்து முழு நேரம் முடிய 4.55 ஆகும். சற்று மூச்சு விட்டுக் கூடுதல் நேரம் தொடங்கினால் 5.35க்கு முடியும். ஷூட்-அவுட்டுக்குக் கால் மணி நேரம் போடுங்கள். பிறகு கோப்பை வழங்கல், வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வருவது. இருக்கையை விட்டு எழ 6.20 ஆகிவிடும். இதுவும் 3 மணி ஆட்டத்துக்குத்தான். தொலைக்காட்சிக்காகத் தொடக்க நேரம் அடிக்கடி தள்ளிப்போகும். 2022இல் 4.45, 2025இல் 4.30. அந்தக் கணக்கில் வெளியே வர இரவு 8 மணி.

விசா முந்த வேண்டும், டிக்கெட் பிறகு

அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே சில ஆண்டுகளில் மூன்று நான்கு வாரம்தான் இருக்கும். 2025இல் அரையிறுதிகள் ஏப்ரல் 26, 27. இறுதி மே 17. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வருகையாளர் விசா தேவை. கைரேகை கொடுத்த பிறகு முடிவு வரவே பொதுவாக மூன்று வாரம் ஆகும். உங்கள் அணி அரையிறுதியில் வென்ற ராத்திரி விண்ணப்பம் போட்டால் கடவுச்சீட்டு கைக்கு வருவதற்குள் கோப்பை ஊர்வலம் முடிந்திருக்கும். காலிறுதி முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். 'லண்டன் சுற்றிப் பார்க்க' என்பதே போதுமான, உண்மையான காரணம். கையில் இல்லாத டிக்கெட்டைக் காரணமாக எழுத வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூர், கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்னும் இணைய வழி முன் அனுமதி கட்டாயம். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்துக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அதே விதி 2025 ஏப்ரலில் வந்தது. பாரிஸிலிருந்து ரயிலில் சும்மா வந்து இறங்கிய காலம் போய்விட்டது. அனுமதி பெரும்பாலும் விரைவில் வந்துவிடும் என்றாலும் மூன்று வேலை நாள் இடைவெளி விடுங்கள்.

தேதியையும் பழைய நினைவில் வைத்து முடிவு செய்யக் கூடாது. 2022இல் மே 14, 2023இல் ஜூன் 3, 2024இல் மே 25. ஒவ்வோர் ஆண்டும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பருவம் தொடங்கும்போதே தேதியை அறிவித்துவிடும். விமானத்தை அதைப் பார்த்துப் பதியலாம். தொடக்க நேரம் மட்டும் பிறகுதான் வரும், அதனால் ஆட்டத்தன்று இரவே திரும்பும் விமானம் பதிய வேண்டாம்.

டிக்கெட் எங்கிருந்து வரும்

மைதானத்தில் 90,000 பேர் உட்காரலாம். அதில் இரண்டு அணிகளுக்கும் தலா 30,000ஐ ஒட்டி ஒதுக்குவார்கள். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறும் இறங்கும். மீதி, நடு அடுக்கில் நீண்டகால உரிமம் எடுத்தவர்களுக்கும், மாவட்டச் சங்கங்கள், கீழ்நிலை அணிகள், தன்னார்வலர்கள் என்று கால்பந்துக் குடும்பத்துக்கும், விருந்தோடு சேர்த்து விற்கும் டிக்கெட்டுகளுக்கும் போகும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஒரு கவுன்ட்டர் கிடையாது. இணையத்தில் அப்படி ஒன்று தென்பட்டால் ஜன்னலை மூடிவிடுங்கள்.

அணி தன் பங்கை வரிசை வைத்துக் கொடுக்கும். முதலில் சீசன் டிக்கெட்காரர்கள், அவர்களிலும் அந்த ஆண்டுக் கோப்பை ஆட்டங்களுக்குப் போனவர்கள், அப்புறம் வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்ப் புள்ளி சேர்த்தவர்கள், கடைசியாகச் சாதாரண உறுப்பினர்கள். பெரிய அணியென்றால் கடைசி வரிசைக்கு ஒன்றும் மிஞ்சாது, குலுக்கல்தான். எப்போதாவது இறுதிக்கு வரும் நடுத்தர அணியென்றாலும் நெருக்கடி குறையாது. வாழ்நாளில் ஒருமுறை என்று ஊரே கிளம்பி வரும். 2025இல் கிறிஸ்டல் பேலஸ் வந்தபோது நிலைமை அதுதான்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு நேர்மையான வழிகள் மூன்று. ஒன்று, அணியின் அதிகாரபூர்வ ரசிகர் மன்றம். பெரிய அணிகளுக்குச் சென்னை, பெங்களூரு, கோலாலம்பூர், சிங்கப்பூர் பக்கமெல்லாம் அங்கீகாரம் பெற்ற மன்றங்கள் உண்டு, அவற்றுக்குச் சிறு ஒதுக்கீடு வரலாம். பருவத் தொடக்கத்திலேயே உறுப்பினராகியிருக்க வேண்டும். இரண்டு, விருந்தோடு சேர்ந்த டிக்கெட். சாதாரண டிக்கெட்டைவிடப் பல மடங்கு விலை, ஆனால் இருக்கை உறுதி. மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை: இறுதியை விட்டுவிட்டு அரையிறுதிக்குப் போவது. 2008இலிருந்து இரண்டு அரையிறுதிகளும் அதே வெம்ப்ளியில்தான் நடக்கின்றன. அணிகளுக்கு ஒதுக்கீடும் இறுதியைவிட அதிகம் என்பதால் உறுப்பினருக்கு டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஆட்டத்தின் சூடும் குறையாது. கோப்பையைத் தூக்குவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை அரையிறுதிதான்.

பிளாக்கில் வாங்காதீர்கள். மற்ற விளையாட்டுகளுக்கும் கச்சேரிகளுக்கும் அங்கே மறுவிற்பனை செய்யலாம்; கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்றவர் யார் என்று அணி கண்டுபிடித்துவிட்டால் அந்த டிக்கெட்டை ரத்து செய்யும். வாசல் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். ஒரே டிக்கெட்டின் படத்தை நாலு பேருக்கு விற்கும் மோசடியும் உண்டு. இப்போது டிக்கெட் போனில்தான் வருகிறது. ஸ்கிரீன்ஷாட் செல்லாது, போனின் வாலட்டிலோ செயலியிலோ உயிரோடு இருக்க வேண்டும். ஓட்டலில் வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள். வாசலில் பல்லாயிரம் போன்கள் ஒரே கோபுரத்தை இழுக்கும், சிக்னல் நகராது.

இன்னொரு பொறி. நண்பர் ஒருவர் மூலம் டிக்கெட் வந்தால் அது எந்த முனை என்று கேளுங்கள். ஓர் அணிக்கு மேற்கு முனை, இன்னோர் அணிக்குக் கிழக்கு முனை. எதிரணி முனையில் உங்கள் அணிச் சட்டையோடு உட்கார்ந்தால், ஏன், சட்டை இல்லாமலே ஒரு கோலுக்குத் துள்ளி எழுந்தால்கூட, காவலர்கள் வந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பணம் திரும்பாது.

எந்த அடுக்கு நல்லது

வெம்ப்ளியில் பகுதி எண் 1இல் தொடங்கினால் கீழடுக்கு, 2இல் தொடங்கினால் நடு அடுக்கு, 5இல் தொடங்கினால் மேலடுக்கு. மேலடுக்கு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆட்டம் தெரிந்தவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். தற்காப்பு வரிசை எவ்வளவு மேலே நிற்கிறது, விங்-பேக் (ஓரத்தில் ஓடித் தாக்கும் தற்காப்பாளர்) எப்போது கிளம்புகிறார், நடுவில் யார் தனியாக நிற்கிறார் என்பதெல்லாம் உயரத்திலிருந்துதான் விளங்கும். கீழடுக்கின் முதல் பத்து வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் முகம் தெரியும். எதிர் முனையில் நடப்பது கால்களின் கூட்டமாகத்தான் தெரியும்.

அரச மேடை வடக்கு ஸ்டாண்டில். வென்ற அணி 107 படி ஏறி அங்கே கோப்பையை வாங்கும் (பழைய வெம்ப்ளியில் 39 படிதான்). அதை முகத்துக்கு நேராகப் பார்க்கத் தெற்கு ஸ்டாண்டு வேண்டும். வடக்கில் இருந்தால் தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ நடக்கும், பெரிய திரையைத்தான் பார்ப்பீர்கள். கிழக்கு முனை கிடைத்தால் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத லண்டனில் சூரியன் இரவு எட்டரைக்கு மேல்தான் மறையும், மாலை முழுக்க மேற்கிலிருந்து கண்ணில் அடிக்கும்.

மைதானத்துக்குப் போவது

மூன்று நிலையங்கள். பெரும்பாலானவர்கள் வெம்ப்ளி பார்க்கில் இறங்குவார்கள். மெட்ரோபாலிட்டன், ஜூபிலி இரண்டு டியூப் (லண்டன் பாதாள ரயில்) பாதைகளும் அங்கே நிற்கும். பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து வருகிறவர்கள் மெட்ரோபாலிட்டனைப் பிடியுங்கள். நடுவே ஃபின்ச்லி ரோடு ஒன்றில்தான் நிற்கும். ஜூபிலியில் ஏறினால் வழியில் எட்டு நிலையம் நின்று நின்று வரும். வெம்ப்ளி பார்க் படியிறங்கினால் ஒலிம்பிக் வே நேராக மைதான வளைவை நோக்கிப் போகும், பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. அந்த வெள்ளை வளைவு 133 மீட்டர் உயரம், வழி தவற வாய்ப்பே இல்லை.

மேரிலபோனிலிருந்து சில்டர்ன் ரயிலில் வந்தால் வெம்ப்ளி ஸ்டேடியம் நிலையம், பத்து நிமிடப் பயணம். பர்மிங்ஹாம் பக்கத்து அணி இறுதிக்கு வந்திருந்தால் இந்தப் பாதை அவர்களாலேயே நிரம்பிவிடும். மூன்றாவது வெம்ப்ளி சென்ட்ரல். பேக்கர்லூ டியூப்பும், யூஸ்டனிலிருந்து வரும் லயனஸ் பாதையும் அங்கே போகும். (இங்கிலாந்துப் பெண்கள் அணியின் பெயரை 2024இல் அந்தப் பாதைக்கு வைத்தார்கள்.) மைதானத்துக்கு 15 முதல் 20 நிமிடம் நடக்க வேண்டும். நடைதான் அதிகம், நெரிசல் குறைவு. ரயில் கட்டணத்துக்குத் தனி டிக்கெட் தேடவேண்டாம், தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையே போதும். ஏறும்போது எந்த அட்டையைத் தொட்டீர்களோ இறங்கும்போதும் அதையே தொடுங்கள். போனைத் தொட்டு ஏறிவிட்டு அட்டையைத் தொட்டு இறங்கினால் இரண்டிலும் உச்சக் கட்டணம் பிடித்துவிடும்.

கார் வேண்டாம். வெம்ப்ளியைச் சுற்றிப் பெரும் பரப்பு, ஆட்டநாளில் குடியிருப்பாளர் அனுமதிச்சீட்டு இல்லாத வண்டி நிறுத்தக் கூடாத பகுதி. கட்டுப்பாடு நள்ளிரவு வரை இருக்கும். அங்கே சொந்தக்காரர் வீடு உள்ள நம்மவர்கள் பலர் 'மாமா வீட்டு வாசல்ல விட்டுட்டு நடந்து போயிடலாம்' என்று வந்து அபராதச் சீட்டோடு திரும்புவார்கள். மாமா வருகையாளர் அனுமதி எடுத்து வைத்திருந்தால் மட்டும் வண்டியை எடுங்கள்.

பை ஏ4 தாள் அளவுக்குள் இருக்கட்டும், ஆளுக்கு ஒன்றுதான். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வராதீர்கள். பெரிய லென்ஸ் கேமரா, கண்ணாடிப் புட்டி, டின் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை மட்டும்தான். பியர் விற்பார்கள், ஆனால் மைதானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குடிக்கக் கூடாது என்பது 1985ஆம் ஆண்டுச் சட்டம். இடைவேளையில் நடைகூடத்தில் நின்று குடித்துவிட்டுத்தான் இருக்கைக்கு வர வேண்டும். பவர்பேங்க் மறக்காதீர்கள். திரும்பும் ரயிலுக்கும் அந்தப் போன்தான்.

தொடக்கத்துக்கு 45 நிமிடம் முன் இருக்கையில் இருங்கள். 'அபைடு வித் மீ' என்னும் துதிப்பாடலை 1927இலிருந்து ஒவ்வோர் இறுதியிலும் பாடுகிறார்கள். அந்த ஒரு பாட்டுக்கு இரண்டு முனைகளும் கொஞ்சம் அடங்கும், அப்போது நடைபாதையில் முட்டிக்கொண்டு போகிறவரை யாருக்கும் பிடிக்காது. அடுத்து நாட்டுப் பண். பிறகு விசில். 2023இல் மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தைத் தொடங்கிப் பந்தைத் தங்கள் கோல்கீப்பருக்கே திருப்பியது. அவர் நீட்டி உதைத்தார், ஹாலண்ட் தலையால் முட்டினார், டி புருய்னெ தட்டிவிட்டார், தரையில் விழுமுன் குண்டோவன் அடித்தார். கோல். விசிலிலிருந்து 13 விநாடிகூட ஆகவில்லை. இறுதியாட்ட வரலாற்றிலேயே விரைவான கோல் அது. பர்கர் வரிசையில் நின்றவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டார்கள்.

அணிப்பட்டியல் வந்ததும் பார்க்க வேண்டியவை

தொடக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன் அணிகள் வெளியாகும். லீக் ஆட்டத்தில் இருக்கும் ஒருவர் இதில் இல்லையென்றால் காயம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அந்த ஆண்டு வேறோர் அணிக்காக எஃப்.ஏ. கோப்பையில் ஆடியிருந்தால் புது அணிக்கு இதில் ஆட முடியாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2008இல் போர்ட்ஸ்மவுத் கோப்பையை வென்றபோது ஜெர்மெய்ன் டிஃபோ வெளியே உட்கார்ந்திருந்தது அதனால்தான்; அந்தப் பருவத்தில் அவர் டாட்டன்ஹாமுக்குக் கோப்பையில் ஆடியிருந்தார். சிவப்பு அட்டைத் தடை லீக்கிலிருந்து கோப்பைக்கும் தொடரும். மஞ்சள் அட்டைக் கணக்கு காலிறுதியோடு அழிந்துவிடும், ஆகவே அரையிறுதியில் ஒரு மஞ்சள் வாங்கியதால் யாரும் இறுதியை இழப்பதில்லை.

கோல்கீப்பர் பெயரைக் கவனியுங்கள். லீக்கில் ஒருவர், கோப்பையில் ஒருவர் என்று வைத்திருக்கும் மேலாளர்கள் இறுதியிலும் பெரும்பாலும் கோப்பைக் கீப்பரையே இறக்குவார்கள். அவர் சுமாரானவர் என்று பொருளில்லை, ஆனால் காலால் பந்தைப் பகிர்வதில் வேறுபாடு தெரியும்.

மாற்று ஆட்டக்காரர் ஒன்பது பேரில் ஐந்து பேரை இறக்கலாம், மூன்று தடவைக்குள். இடைவேளையில் செய்வது கணக்கில் சேராது. கூடுதல் நேரம் வந்தால் ஆறாவது ஆளும் இன்னொரு வாய்ப்பும் கிடைக்கும். 70ஆவது நிமிடத்துக்குள் ஒருவர் நான்கு பேரை மாற்றிவிட்டார், எதிரே ஒருவர் இரண்டே பேரை மாற்றினார் என்றால், இரண்டாமவர் 120 நிமிடத்தை மனத்தில் வைத்திருக்கிறார். இதை எண்ணிக்கொண்டே பாருங்கள். கூடுதல் நேரத்தில் யார் கால் கட்டிப்போகும் என்பதை முன்பே ஊகித்துவிடலாம்.

திரையில் சொல்லாததை விளங்கிக்கொள்வது

மைதானத்தில் வர்ணனையாளர் கிடையாது. வி.ஏ.ஆர். (காணொளி பார்த்து உதவும் நடுவர்) சோதிக்கும்போது பெரிய திரையில் ஒரு வரி வரும். என்ன சோதிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் நல்லது. கிறிஸ்டல் பேலஸும் மான்செஸ்டர் சிட்டியும் மோதிய 2025 இறுதி இதற்கு நல்ல பாடம். 16ஆவது நிமிடத்தில் பேலஸ் முன்னேறியது: மடேட்டா பந்தைப் பிடித்து வலப்பக்கம் விட்டார், முன்யோஸ் குறுக்கே அனுப்பினார், எஸே ஒரே அடி. கொஞ்ச நேரத்தில் பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் தண்டனைப் பெட்டிக்கு வெளியே வந்து, ஹாலண்டுக்குப் போன பந்தைக் கையால் தட்டிவிட்டார். சிட்டி முனை முழுக்கச் சிவப்பு அட்டை கேட்டது. கொடுக்கவில்லை.

ஏன்? தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுத்தாரா என்று முடிவுசெய்ய நடுவர்கள் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, தாக்குபவருக்குப் பந்து கைவசப்படுமா, தற்காப்பாளர்கள் எங்கே, எத்தனை பேர். பந்து கோலை விட்டு விலகிப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது என்று வி.ஏ.ஆர். கருதியது. நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் சிவப்பு கிடையாது. அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றும் சண்டை போடலாம். ஆனால் 'கையால் தொட்டார், வெளியேற்று' என்பது விதியில் இல்லை. பிறகு மர்மூஷ் அடித்த பெனால்டியையும் அதே ஹெண்டர்சன் தடுத்தார், இரண்டாம் பாதியில் முன்யோஸ் போட்ட கோல் ஆஃப்சைடில் போனது, 1-0.

பந்து முக்கால் நேரத்துக்கு மேல் சிட்டியிடம்தான் இருந்தது. பந்து வைத்திருக்கும் சதவீதம் மட்டும் எழுதும் திரையை நம்பாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறோம். பின்தங்கிய அணி பெட்டிக்குள் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறது, முன்னேறிய அணி பந்தைப் பறித்ததும் முதல் உதை முன்னால் போகிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

ஷூட்-அவுட்

கூடுதல் நேரம் முடிந்த கணம் மைதானத்தில் இருந்தவர்கள் மட்டுமே உதைக்கலாம். ஓர் அணியில் ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேர் இருந்தால், எதிரணியும் ஒருவரை விலக்கிப் பத்தாக்க வேண்டும். 2005இல் ஆர்சனலின் ரெயெஸ் கூடுதல் நேரக் கடைசியில் சிவப்பு வாங்கினார். அப்படியும் ஆர்சனல்தான் 5-4 என்று வென்றது. எஃப்.ஏ. கோப்பை இறுதி பெனால்டியில் முடிந்தது அதுவே முதல் தடவை.

நாணயம் இரண்டு தடவை சுண்டப்படும். முதல் தடவை எந்தக் கோல், இரண்டாம் தடவை யார் முதலில். முதல் சுண்டலில் எந்த முனை வருகிறதோ அங்கேதான் எல்லா உதையும். நீங்கள் எதிர் முனையில் இருந்தால் 100 மீட்டருக்கு அப்பால் நடக்கும், திரையை நம்பியாக வேண்டும்.

சிறு தாளில் இரண்டு வரிசை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், சத்தத்தில் கணக்கு தவறிப்போகும். 2022இல் லிவர்பூலோடு மோதிய செல்சி முதலில் அடித்தது. அவர்களின் இரண்டாவது உதையில் அஸ்பிலிகுவேட்டா கம்பத்தில் அடித்தார். லிவர்பூலின் ஐந்தாவது உதை மானேயுடையது. போட்டிருந்தால் அங்கேயே கோப்பை. மெண்டி தடுத்தார். அதன்பின் ஒன்றுக்கு ஒன்று. ஏழாவதில் மவுன்ட் அடித்ததை அலிசன் தடுக்க, சிமிகாஸ் முடித்தார்: 6-5. தாளில் குறித்தவர்களுக்கு மட்டும் மானே நடந்து வரும்போதே அது வெற்றி உதை என்று தெரிந்திருந்தது.

கீப்பரின் காலையும் பாருங்கள். உதைக்கும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டிலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முன்னே வந்து தடுத்தால் மறுபடி அடிக்கச் சொல்வார்கள். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை மஞ்சள். பந்து தானாகவே வெளியே போயிருந்தால், கீப்பரின் அசைவு அடித்தவரைத் தெளிவாகப் பாதித்தாலொழிய மறு வாய்ப்பு கிடையாது.

கோப்பை யாருக்கு, ஐரோப்பா யாருக்கு

வென்ற அணிக்கு, ஐரோப்பிய அணிகளின் இரண்டாம் நிலைப் போட்டியான ஐரோப்பா லீக்கில் இடம். அந்த அணி லீக் நிலையாலேயே ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தால், இடம் லீக்கில் அடுத்து நிற்கும் அணிக்குப் போகும். தோற்ற இறுதியாளருக்கு அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கொடுத்ததால் இன்னும் சிலர் குழம்புகிறார்கள். 2025இல் பேலஸ் வென்றும், ஒரே உரிமையாளருக்கு இரண்டு அணிகளில் பங்கு என்ற விதியால் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா அவர்களை மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கியது. லீக்கில் தப்பிக்கவும் கோப்பை உதவாது: 2013இல் சிட்டியை 91ஆவது நிமிடக் கோலில் வீழ்த்திய விகன், மூன்றே நாளில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது.

திரும்பும் வழி

ஆட்டம் முடிந்ததும் தோற்ற முனை முதலில் காலியாகும். அவர்கள் எல்லோரும் வெம்ப்ளி பார்க்கை நோக்கித்தான் போவார்கள். ஒலிம்பிக் வேயில் காவலர்கள் கூட்டத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தி நிறுத்தி விடுவார்கள், அந்த வரிசை முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வென்ற முனை கோப்பை பார்த்துவிட்டு அரை மணி கழித்து வரும். இரண்டு அலைக்கும் நடுவில் கிளம்புவது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும், உண்மையில் அது முதல் அலையின் வாலில் போய் ஒட்டிக்கொள்வது. யூஸ்டனிலிருந்து மான்செஸ்டர், லிவர்பூல் போகிறவர்கள் மட்டும் காத்திருக்காதீர்கள். சனிக்கிழமை இரவில் அந்தப் பக்கம் கடைசி ரயில் வேலை நாளைவிட முன்னதாகவே கிளம்பிவிடும். டிக்கெட் பதியும்போதே அந்த நேரத்தைப் பார்த்து வையுங்கள். 4.30 ஆட்டமாக இருந்தால் அன்றிரவு லண்டனில் தங்குவதே சரி.

மற்றவர்கள் தெற்குப் பக்கமாக வெளியே வந்து வெள்ளைக் குதிரைப் பாலத்தில் ஏறுங்கள். 1923இல் வெம்ப்ளியின் முதல் இறுதிக்கு அதிகாரபூர்வக் கணக்கிலேயே 1,26,047 பேர், உண்மையில் அதைவிட மிகப் பெரிய கூட்டம் உள்ளே புகுந்து ஆடுகளத்தையே மூடிவிட்டது. பில்லி என்ற குதிரையில் வந்த காவலர் ஒருவரும் சக காவலர்களும் கூட்டத்தைக் கோட்டுக்கு வெளியே ஒதுக்கிய பிறகுதான் போல்டனும் வெஸ்ட் ஹாமும் ஆட முடிந்தது. பாலத்தின் பெயர் அந்தக் குதிரைக்காக. அடுத்த ஆண்டிலிருந்துதான் முன்கூட்டியே டிக்கெட் என்ற ஏற்பாடு வந்தது.

பாலத்தைத் தாண்டி ஹை ரோட்டில் மேற்கே திரும்பினால் வெம்ப்ளி சென்ட்ரல். அங்கேயும் வரிசை நீண்டிருந்தால் அதை ஒட்டித் தெற்கே இறங்கும் ஈலிங் ரோட்டில் நடங்கள். குஜராத்திக் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும் கலந்த தெரு அது. தோசையும் கொத்துரொட்டியும் கிடைக்கும், தமிழிலேயே கேட்கலாம். சாப்பிட்டுவிட்டு அதே தெருவில் இன்னும் தெற்கே போனால், மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டரை ஒட்டி, ஆல்பர்டன் நிலையம் வரும். பிக்காடிலி பாதை. ஆட்டக் கூட்டம் அங்கே அனேகமாக எட்டாது. நகர மையத்துக்கு நேர் ரயில் உண்டு. ஹீத்ரோ போகிறவர்கள் ஆக்டன் டவுனில் இறங்கி எதிர்த் திசை ரயிலுக்கு மாறுங்கள். ஏறும் முன் பெட்டியில் ஹீத்ரோ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அக்ஸ்பிரிட்ஜ் ரயிலும் அங்கேதான் வரும்.